குளம்புத் தூள்

மெர்வ் ஹாடோவின் புற்றுநோய்க்கு டாக்டர் சொன்ன வைத்தியம் சும்மா இருப்பது. இந்த ஒரு சொல்லைக் கேட்பதற்காக டல்லி என்ற கரும்பு ஊரிலிருந்து டவுன்ஸ்வில்லுக்கு இரண்டரை மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போயிருந்தான்.

“பன்னெண்டு இடத்துல ஊசி விட்டு சதை எடுத்தோம். ரெண்டுல மட்டும்தான் இருக்கு. அதுவும் சோம்பேறி ரகம்,” என்றார் புராஸ்டேட் நிபுணர் ஹெஸ்கெத். “இதோடயே வாழ்ந்து, தொண்ணூறு வயசுல வேற எதுலயாவது போய்ச் சேர்றவங்கதான் அதிகம். நாம கண் வெச்சிருப்போம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தத்துல பி.எஸ்.ஏ. அளவு பாக்கணும், அது ஏறினா கவனிக்கணும். வருஷம் திரும்பினதும் ஸ்கேன், மறுபடி ஊசி. அது வளர ஆரம்பிச்சா, சுரப்பியைத் தாண்டறதுக்குள்ள பிடிச்சிடலாம். உள்ளயே பிடிச்சா குணமாகும். வெளிய விட்டுட்டுப் பிடிச்சாதான் வம்பு.”

“அதுவரைக்கும் நான் என்ன செய்யணும்?”

“ஒண்ணும் வேண்டாம். நடங்க. பீரைக் கொஞ்சம் குறைங்க.”

மெர்வ் சர்க்கரை ஆலையில் முப்பத்தொரு வருடம் கொதிகலன் பார்த்தவன். பாதிக்கு மேல் இரவு ஷிஃப்ட். அறுபத்தெட்டு வயதில் அவனுக்கு இருந்த ஒரே பெருமை, தன் ஷிஃப்டில் எதுவும் நின்றதில்லை என்பது.

“கொதிகலன்ல ஓட்டை விழுந்தா முன்னாடி நாற்காலியைப் போட்டு உக்காந்து பாத்துட்டிருப்பீங்களா டாக்டர்?”

“உங்க சுரப்பி கொதிகலன் இல்ல மெர்வ்.”

திரும்பும்போது மனைவி நொயலீன் ஓட்டினாள். பள்ளிக்கூட கேன்டீனை இருபது வருடம் நடத்தியவள். யார் புலம்பலுக்கும் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கமாட்டாள்.

“பாத்துட்டிருக்கணுமாம்! கேட்டியா?”

“கேட்டேன். நல்ல சேதிதானே.”

“எது நல்ல சேதி? உள்ள ஒருத்தன் உக்காந்திருக்கான். அவன் எப்ப எழுந்திருப்பான்னு நான் வாசல்ல நிக்கணும்.”

“நீ வாசல்ல நிக்க வேண்டாம். புல்லு வெட்டு. முழங்கால் உயரம் வளர்ந்து கிடக்கு.”

மெர்வ் புல்லையும் வெட்டினான், மாத்திரையும் வாங்கினான். முதலில் செலினியம். பிறகு ஜிங்க். பிறகு வைட்டமின் ஈ, மஞ்சள், மாதுளைச் சாறு அடைத்த குளிகை, தக்காளிச் சத்து, பச்சைத் தேயிலைச் சத்து, ஏதோ பனங்காயின் சாறு, மீன் எண்ணெய். ஒன்பது புட்டிகள் சமையல்கட்டு மேசையில் வரிசையாக நின்றன. காலையில் அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து மூடவே கால் மணி நேரம் ஆயிற்று.

“வயித்துல சோத்துக்கு இடம் மிச்சம் வெச்சிருக்கியா?” என்று நொயலீன் கேட்பாள்.

“நீயும் அந்த டாக்டர் மாதிரியே பேசு.”

“அந்த டாக்டர் படிச்சவர். நீ புட்டியைப் படிக்கிறவன்.”

ஒன்பது புட்டிகளும் அவன் சிறுநீரை மஞ்சளாக்கின. வேறு எதையும் செய்ததாகத் தெரியவில்லை. செப்டம்பரில் பி.எஸ்.ஏ. 6.8. டிசம்பரில் 7.1. மார்ச்சில் 7.4. பெரிய ஏற்றம் இல்லை, இப்படிக் கொஞ்சம் ஆடத்தான் செய்யும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எண் ஏறுகிறது என்பது மட்டும்தான் மெர்வின் காதில் விழுந்தது. அது ஏறினால் அவனுக்குக் கிளப்பில் தலைகுனிவு.

அந்தக் கதையையும் சொல்லிவிட வேண்டும். டல்லியில் மழைமானி இல்லாத வீடு கிடையாது. பல் விளக்குமுன் கொல்லைக்குப் போய் அளவு பார்ப்பவர்கள் அவர்கள். புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பௌல்ஸ் கிளப்பின் பீர் கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை உண்டு. யார் தோட்டத்தில் எத்தனை மில்லிமீட்டர் என்று அவரவர் எழுதிவைப்பார்கள். தோட்டத்துப் பெயர்களுக்குக் கீழே கடைசியில் ‘மேல்மேடு’, ‘ஓடைக்கரை’ என்று இரண்டு வரிகள் இருந்தன. அப்படித் தோட்டங்களே கிடையாது. மேல்மேடு மெர்வின் பி.எஸ்.ஏ. ஓடைக்கரை ஆல்டோ பெர்தோன்சினியுடையது. ஆல்டோ கரும்பு விவசாயி, எழுபது வயது, மெர்வுக்கு வந்த அதே ஜூலைக் குளிர்காலத்தில் அதே நோய் அவனுக்கும் வந்திருந்தது, அதே சும்மா இருக்கும் வைத்தியம். இதைப் பற்றி உட்கார்ந்து பேசுவதற்கு இருவருக்கும் வாய் வரவில்லை. பந்தயமாக்கிக்கொள்ள வந்தது. ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்குப் பிறகும் யாருடைய எண் கூடுதலோ அவன் அன்றைக்கு பீர் வாங்க வேண்டும்.

கவுண்டரில் நிற்கும் கெய்லீனுக்கு விஷயம் தெரியாது. “என்ன மெர்வ், ஊரெல்லாம் ஆயிரம் மில்லி கொட்டியிருக்கு. உங்க மேட்டுல மூணு மாசத்துக்கு ஏழுதானா? கூரை போட்டு வெச்சிருக்கீங்களா?”

“அவன் மேட்டுக்கு அதுவே அதிகம்மா,” என்றான் ஆல்டோ. அவனுடையது 5.2. “மூணு தடவையும் நீதான்டா வாங்கிக் கொடுத்திருக்க. எனக்கே பாவமா இருக்கு. இன்னிக்குப் பெரிய கிளாஸா சொல்லு.”

“குடிச்சுட்டுச் சாவு.”

“நான் தொண்ணூறு வயசுல வேற எதுலயோ சாவேன். டாக்டர் சொல்லிட்டாரு.”

அந்த மார்ச்சில்தான் மெர்வ் தகர டப்பாவைப் படித்தான்.

நொயலீனிடம் டச்சஸ் என்று ஒரு கிழட்டுப் பெண்குதிரை இருந்தது. மழைக்காலம் முழுக்கச் சேற்றில் நின்று அதன் குளம்பு வெடித்துப்போகும். அதற்காகத் தீவனக் கடையில் குளம்புத் தூள் வாங்கி வைத்திருந்தாள். காலையில் அதைத் தவிட்டில் கலந்து வைப்பது மெர்வின் வேலை. மழை கூரைத் தகரத்தை அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், வெளியே போக மனமில்லாமல் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தான். ஜிங்க். செலினியம். சமையல்கட்டுப் புட்டியில் இருக்கிற அதே சாமான்கள், குதிரைக்கு வேண்டிய அளவில். கூடவே பயோட்டின் என்று ஒன்று, இன்னும் ஏதேதோ. மருந்துக் கடைக்காரன் மனுஷனுக்கு எறும்புக்குப் போடுவதுபோலப் போட்டு விற்கிறான், அதனால்தான் ஒன்றும் கேட்கவில்லை என்று அவனுக்குப் பட்டது.

ஐந்நூறு கிலோ குதிரைக்கு ஒரு கரண்டி. தொண்ணூற்றிரண்டு கிலோ மெர்வுக்கு ஐந்தில் ஒரு பங்கு என்று கணக்கு வந்தது. அது கஞ்சத்தனமாகத் தோன்றவே அரைக் கரண்டி எடுத்துக்கொண்டான். கஞ்சியில் கலந்தால் வெல்லப்பாகும் குதிரைமசாலும் மணத்தது. மோசமில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு அரைக் கரண்டி என்று வைத்துக்கொண்டான்.

ஜூனில் எண் 3.1.

ஊர் மருத்துவமனையில் அப்போது இருந்தவர் மூன்று மாதத்துக்கு வந்த மாற்று டாக்டர். அன்றோடு கிளம்புகிறவர், மேசையில் இருந்த சொந்தப் படங்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். “நல்லா இறங்கியிருக்கே,” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மெர்வ் நேரே கிளப்புக்குப் போனான். பலகையில் 7.4ஐ அழித்து 3.1 என்று எழுதும்போது சுண்ணக்கட்டி உடைந்தது.

“பொய்,” என்றான் ஆல்டோ.

மெர்வ் காகிதத்தை நீட்டினான். ஆல்டோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தான், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தான்.

“எப்படிடா?”

“முதல்ல பீர் வாங்கு.”

ஜூலை பதினாறாம் தேதி டவுன்ஸ்வில்லில் ஸ்கேனும் ஊசியும் குறித்திருந்தார்கள். வருஷம் திரும்பிவிட்டது. மெர்வ் தொலைபேசியில் ரத்து செய்தான். நிஜமான நோயாளி யாராவது இருந்தால் அந்த இடத்தை அவருக்குக் கொடுங்கள் என்று மறுமுனையில் பேசிய பெண்ணிடம் சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தபோது பின்னால் நொயலீன் நின்றாள். கையில் டப்பா. அதற்குள் கரண்டி அடிப்பாகத்தில் உரசிக்கொண்டிருந்தது.

“ரெண்டு மாசத்துக்கு வர்ற டப்பா. நாப்பது நாள்ல காலி. டச்சஸ் தின்னுச்சா?”

“கொஞ்சம் நானும்.”

“மெர்வ், இது குதிரைக்கு.”

“குதிரைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?”

“குதிரை சொன்ன பேச்சைக் கேக்கும்.” டப்பாவை மேசையில் வைத்தாள். “இப்ப போன்ல என்ன ரத்து பண்ண?”

“மூணு புள்ளி ஒண்ணு இருக்கறவன் எதுக்குடி போய் குண்டியைத் தூக்கிக் காட்டணும்? ஏழு இருந்தப்ப சும்மா இருன்னான். மூணுல ஊசியா?”

“நகர்ந்தா பிடிக்கணும்னு சொன்னாரு. பாக்காம எப்படிப் பிடிப்பாரு?”

“நகர்ந்துதான் இருக்கு. கீழ நகர்ந்திருக்கு. ஒரு வருஷமா எல்லாரும் கையைக் கட்டிட்டு உக்காந்திருந்தீங்க. நான் ஒருத்தன்தான் எதையாவது செஞ்சேன். அது பலிச்சுடுச்சு. அதை உன்னால தாங்க முடியல.”

நொயலீன் டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் குதிரைக்குத் தனியாக ஒரு டப்பா வாங்கிப் பூட்டிய அலமாரியில் வைத்தாள். அவன் தனக்கு ஒன்று வாங்கிக்கொண்டான்.

செப்டம்பரில் 1.9. மெர்வ் கிளப்பில் நடக்கிற நடையே மாறிவிட்டது. ஆல்டோ தாங்காமல் ஒருநாள் கார் நிறுத்தும் இடத்தில் அவனை மடக்கி ரகசியத்தைக் கறந்துகொண்டு நேரே தீவனக் கடைக்குப் போனான். கடைக்காரர், குதிரை வாங்கிவிட்டாயா என்று கேட்டதற்கு, பேரனுக்கு வாங்கப்போகிறேன் என்றானாம். அடுத்த பரிசோதனையில் அவனுக்கு 2.2. அவனும் தள்ளிப்போயிருந்த தன் ஊசியை ரத்து செய்தான். இரண்டு கிழவர்களும் நகத்தால் பீர் மூடியைத் திறந்து காட்டிக்கொண்டு திரிந்தார்கள். நகங்கள் உண்மையிலேயே இரும்பாகியிருந்தன.

நவம்பரில் ஊருக்குப் புது டாக்டர் வந்தார். அடெயேமி, நைஜீரியாக்காரி, நாற்பது வயது இருக்கும். முன்பு இருந்தவர்கள் எழுதியதில் ஒரு வரியைக்கூட நம்பாமல் எல்லா நோயாளிகளுக்கும் முதலிலிருந்து ரத்தம் எடுத்தார். டிசம்பரில் மெர்வைக் கூப்பிட்டு அனுப்பினார். நொயலீனும் கூட வந்து இன்னொரு நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“பி.எஸ்.ஏ. ஒண்ணு புள்ளி எட்டு,” என்றார் டாக்டர்.

“தெரியும்,” என்றான் மெர்வ், நொயலீனைப் பார்த்து.

“கை நடுங்குதா?”

“இல்லியே.”

“படபடப்பு?”

“இவ கார் ஓட்டும்போது மட்டும்.”

“எடை இறங்கிச்சா?”

“நாலு கிலோ ஏறியிருக்கு.”

டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். “உங்க தைராய்டு ரிசல்ட்டைப் பாத்தா, நீங்க இந்நேரம் எலும்பும் தோலுமா வேர்த்துக் கொட்டிட்டு உக்காந்திருக்கணும். நீங்க குண்டா, சௌக்கியமா இருக்கீங்க. அப்படின்னா நீங்க பொய், இல்லாட்டி இந்த ரிசல்ட் பொய். என்னென்ன சாப்பிடறீங்க?”

மெர்வ் ஒன்பது புட்டிகளையும் விரல் விட்டுச் சொன்னான். அதில் ஒரு கர்வம் இருந்தது.

“செலினியமும் வைட்டமின் ஈயும் முப்பதாயிரத்துக்கு மேல ஆம்பளைங்களுக்குக் கொடுத்து வருஷக்கணக்கா பாத்துட்டாங்க,” என்றார் டாக்டர். “செலினியம் புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கல. வைட்டமின் ஈ சாப்பிட்டவங்களுக்குக் கொஞ்சம் அதிகமாவே வந்துச்சு. மத்ததுல எதுவும் நிரூபணம் ஆகல. சரி, அது இருக்கட்டும். இந்த ஒன்பதும் தைராய்டை இப்படிக் காட்டாது. வேற ஏதாவது?”

“வேற ஒண்ணுமில்ல.”

“குதிரைத் தூளைச் சொல்லு,” என்றாள் நொயலீன்.

“நொயலீன்.”

“நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

அவன் ஜன்னலைப் பார்த்தான். அவள் போனில் எடுத்துவைத்திருந்த டப்பாவின் படத்தை டாக்டரிடம் கொடுத்தாள். ஆறு மாதமாக இந்த நாளுக்காகவே அதை வைத்திருந்தவள் போல. டாக்டர் படத்தைப் பெரிதாக்கி வரிவரியாகப் படித்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

“பயோட்டின். எத்தனை நாளா?”

“மார்ச்லேர்ந்து.”

“ரத்தம் கொடுக்க வர்ற அன்னிக்குக் காலைலயும் சாப்பிட்டீங்களா?”

“தினமும் ஆறு மணிக்கு. எட்டு மணிக்கு ரத்தம்.”

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். “மெர்வ், ரத்தத்துல பி.எஸ்.ஏ. எவ்வளவுன்னு பாக்கற சில மெஷின் அதை ஒரு பசையை வெச்சுப் பிடிக்குது. அந்தப் பசை வேலை செய்யறதே பயோட்டினாலதான். உங்க ரத்தத்துலயே பயோட்டின் நிரம்பி வழிஞ்சா பசையெல்லாம் அதுல போயிடும். பி.எஸ்.ஏ. சிக்காது. மெஷின் கம்மின்னு சொல்லும். தைராய்டும் இதே மாதிரிதான் தாறுமாறாக் காட்டியிருக்கு. நம்ம ரத்தம் போற லேப்ல அந்த மாதிரி மெஷின்தான்.”

மெர்வுக்கு அது உடனே புரிந்தது, அதுதான் கொடுமை. கொதிகலனில் தண்ணீர் மட்டம் காட்ட ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். குழாயின் வாயில் உப்புப் படிந்து அடைத்துக்கொண்டால், உள்ளே தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும்போதும் கண்ணாடியில் மட்டம் அழகாக நிற்கும். அதை நம்பி டீ குடிக்கப் போனவன் ஆலையோடு சேர்ந்து வெடிப்பான். அதனால் ஷிஃப்ட் ஏறியதும் முதல் வேலை, வால்வைத் திறந்து குழாயை ஊதிவிட்டு, மட்டம் இறங்கித் திரும்ப ஏறுகிறதா என்று பார்ப்பது. பயிற்சிக்கு வந்த எத்தனையோ பேரை இதைச் செய்யாததற்காக அவன் வாயில் வந்தபடி திட்டியிருக்கிறான்.

“அப்ப ஒண்ணு புள்ளி எட்டு?”

“அதை நம்ப முடியாது. உண்மையான அளவு என்னன்னு யாருக்கும் தெரியாது.”

“தூள் நிஜமாவே வேலை செஞ்சிருக்கலாம்ல? மெஷின் பாதி பொய் சொல்லியிருந்தாலும் மீதி பாதி...”

“ஒரு வாரம் எல்லாத்தையும் நிறுத்துங்க. மறுபடி ரத்தம் எடுப்போம். தெரிஞ்சிடும்.”

காரில் அவன் கத்தினான். டாக்டரை, லேபை, டப்பாவில் இதை எழுதாத கம்பெனியை, படம் எடுத்து வைத்த பெண்டாட்டியை. “ஆறு மாசம் பையில வெச்சிட்டு அலைஞ்சியே, முன்னாடியே காட்டறதுதானே!”

“யார்கிட்ட காட்டறது? மூணு மாசத்துக்கு ஒரு டாக்டர். போன தடவை வந்தவர்கிட்ட காட்டினேன். குதிரைக்கு என்ன வயசுன்னு கேட்டாரு.”



ஒரு வாரம் தூளைத் தொடாமல் இருந்தவன், பரிசோதனை நாள் காலை ஆறு மணிக்குக் கொட்டகையில் டப்பாவைத் திறந்து அரைக் கரண்டி அள்ளிவிட்டான். கை தானாகச் செய்தது என்று சொல்ல முடியாது. யோசித்துத்தான் அள்ளினான். இதை முழுங்கிவிட்டுப் போனால் இரண்டுக்குக் கீழே வரும். நிறுத்திய பிறகும் இரண்டுதான், தூள் பலித்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். யாராலும் மறுக்க முடியாது. பலகையில் அந்த எண் அப்படியே நிற்கும், இந்தக் கோடைக்கு யாரும் அவனை எங்கேயும் கொண்டுபோகமாட்டார்கள்.

கரண்டியில் வெல்லப்பாகு மணத்தது. அவன் அங்கே நின்ற நேரம் அதிகம். கடைசியில் அடைத்த குழாயைப் பார்த்துக்கொண்டு ஷிஃப்டை முடிக்க அவனால் முடியவில்லை. அது தைரியமெல்லாம் கிடையாது, வெறும் பழக்கம். கரண்டியைத் தவிட்டுத் தொட்டியில் கவிழ்த்தான். டச்சஸ் அதைத் தின்னும்போது வெளியே நொயலீன் ஹாரன் அடித்தாள்.

9.8 என்று வந்தது.

அன்று மாலையே கிளப்புக்குப் போய் மேல்மேட்டையும் ஓடைக்கரையையும் சேர்த்து உள்ளங்கையால் அழித்தான்.

“டேய், என்னதை ஏன்டா அழிக்கிற?” என்று ஆல்டோ எழுந்து வந்தான்.

“ரெண்டும் பொய்.” மெர்வ் டாக்டர் சொன்னதைச் சொன்னான். நடுவில் இரண்டு தடவை ஆல்டோ குறுக்கிட்டான், இரண்டு தடவையும் முதலிலிருந்து சொன்னான்.

“தோத்துட்ட. அதான் ஆட்டத்தையே கலைக்கிற.”

“ஒன்பது புள்ளி எட்டுடா எனக்கு!”

“அது உனக்கு. எனக்கு ரெண்டு.”

“உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அதைத்தானே மாட்டுக்குச் சொல்ற மாதிரி சொல்லிட்டிருக்கேன்! அந்தக் கருமத்தை நிறுத்திட்டு ஒரு வாரம் கழிச்சு ரத்தம் கொடு.”

“நீதானே கொடுத்த அந்தக் கருமத்தை?”

“நான்தான் கொடுத்தேன்!”

கிளப்பே திரும்பிப் பார்த்தது. கெய்லீன் கையிலிருந்த கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தாள். மெர்வ் பீர் குடிக்காமல் வெளியே போனான்.

ஆல்டோ இரண்டு வாரம் பேசவில்லை. பிறகு ஒரு பகலில் வேன் வந்து வாசலில் நின்றது. இறங்காமல் ஜன்னல் வழியாகவே சொன்னான். “நிறுத்திட்டுப் பாத்தேன். அஞ்சு புள்ளி மூணு.”

“அஞ்சு புள்ளி மூணா?”

“ஆமா. அப்படியேதான் இருக்கு. டாக்டரம்மா பரவாயில்லைன்னுட்டாங்க. ஊசிக்குத் திரும்ப தேதி வாங்கியாச்சு.” ஸ்டியரிங்கைத் தட்டினான். “சும்மா சொல்லலாம்னு வந்தேன்.”

“நல்லது.”

“நல்லதுதான்.” வேனை எடுக்கத் தெரியாதவன்போல உட்கார்ந்திருந்தான். “அதே தூள்தானேடா ரெண்டு பேரும் தின்னோம்.”

“போடா, வேலையைப் பாரு,” என்றான் மெர்வ். வேன் போனதும் புல் வெட்டும் இயந்திரத்தை எடுத்தான். அது கிளம்பவில்லை. பதினேழு தடவை கயிற்றை இழுத்தும் கிளம்பாததால் கடைசியில் அதை உதைத்தான், கால் விரல் வீங்கிக்கொண்டது.

ஜனவரியில் ஸ்கேன் எடுத்தார்கள். சுரப்பியின் இடதுபக்க ஓரத்தில் ஒரு நிழல். பிப்ரவரியில் பதினான்கு ஊசிகள். பத்து நாள் கழித்து ஹெஸ்கெத்தின் அறையில் மெர்வும் நொயலீனும் உட்கார்ந்தார்கள். குளிர்சாதனத்தின் காற்று நேராக மெர்வின் கழுத்தில் அடித்தது. நாற்காலியை நகர்த்த முயன்றான், அது தரையோடு முடுக்கியிருந்தது.

“பதினாலுல ஏழு,” என்றார் ஹெஸ்கெத். “ரகமும் மாறிடுச்சு. சோம்பேறி இல்ல இப்ப. ஓரத்துல புடைச்சிட்டு நிக்குது. வெளிய வந்ததா ஸ்கேன்ல தெரியல.”

“தெரியலன்னா வரலையா?”

“தெரியலன்னா தெரியல. எடுத்துப் பாத்தாதான் சொல்ல முடியும்.”

“ஜூலைல வந்திருந்தா?”

ஹெஸ்கெத் பேனாவைக் கீழே வைத்தார். “ஜூலைல உள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. வந்திருந்தா பாத்திருப்பேன். அவ்வளவுதான் சொல்ல முடியும்.”

“அந்தத் தூளுதான் வளத்துவிட்டுச்சா?”

“தெரியாது. அந்த அளவுல செலினியம் யாருக்கும் நல்லதில்ல. ஆனா அதுதான் செஞ்சதுன்னு சொல்லமாட்டேன்.”

“உங்களுக்கு என்னதான் தெரியும்?”

“இப்ப இருக்கறது தெரியும். இதை வெச்சுக்கிட்டு இனிமே காத்திருக்கக் கூடாதுன்னு தெரியும்.” காலண்டரைப் பார்த்தார். “அறுவை சிகிச்சை ஒரு வழி. கதிர்வீச்சு வைக்கறது இன்னொரு வழி, கூட ஹார்மோன் ஊசியும் போடணும். ரெண்டையும் ஊசி போட்ட அன்னிக்கே விவரமா எழுதிக் கொடுத்திருக்கேன். எடுத்துடறதுன்னா மார்ச் ஒன்பதாம் தேதி ஓர் இடம் இருக்கு. நாள் தள்ளினா மே மாசம்தான்.”

அந்தக் காகிதங்களை மெர்வ் வீட்டிலேயே ராத்திரியெல்லாம் படித்திருந்தான். எடுத்துவிட்டால் சில மாதங்களுக்குச் சிறுநீர் நிற்காமல் இடுப்பில் துணி கட்டிக்கொண்டு அலைய வேண்டும். சிலருக்குக் கடைசிவரை. படுக்கையறைச் சமாச்சாரம் திரும்ப வந்தாலும் வரும், வராமலும் போகும். ஏதாவது செய்ய வேண்டும் என்று இதே அறையில் துடித்தவன் வாயைத் திறந்தான்.

“இன்னொரு மூணு மாசம் பாத்துட்டு...” என்றான்.

அறையில் மூன்று பேருக்கும் அது கேட்டது. நொயலீன் முகத்தைத் திருப்பி அவனைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். அவள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். குளிர்காற்று கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

“ஒன்பதாம் தேதி எத்தனை மணிக்கு?” என்று அவன் எரிந்து விழுந்தான்.

“காலைல ஆறுக்கு இங்க இருக்கணும்.”

“மூணு மணிக்குக் கிளம்பணும், தெரியுமா உங்களுக்கு? மழை பெஞ்சா ரோட்டுல தண்ணி நிக்கும். முந்தின நாளே வரணும். குதிரைக்கு யார் தீனி வைப்பா?”

“ஆல்டோ வெப்பான்,” என்றாள் நொயலீன். பேனாவை எடுத்து மெர்வ் பக்கம் நகர்த்தினாள்.

அவன் அறுவை சிகிச்சைச் சம்மதப் படிவத்தில் மூன்று இடங்களில் கையெழுத்துப் போட்டான். மூன்றாவது இடத்தில் தேதியைத் தப்பாக எழுதி, அடித்து, மறுபடி எழுதினான்.